காரில் செய்த மாற்றங்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் கார் வேளச்சேரியில், குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது ஸ்டீயரிங் வரைக்கும் சேறு. பாலிசி உயிரோடு இருந்தது, பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தேன், அதனால் மனதைத் தேற்றிக்கொண்டேன். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். சீட், கார்ப்பெட், வயரிங், ஏ.சி. என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தார். டேஷ்போர்டில் மாட்டியிருந்த ஆண்ட்ராய்டு பிளேயரையும் டிக்கியில் இருந்த ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபரையும் பார்த்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டார். "சார், இதெல்லாம் வெளியில போட்டதுதானே? பாலிசில ஏத்தியிருக்கீங்களா?"

ஏற்றவில்லை. 48,000 ரூபாய் போட்டு மாட்டிய சிஸ்டத்துக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. அதைப் பாலிசியில் சேர்க்க வருடத்துக்கு 1,920 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் ஆகியிருக்கும். மாட்டிய கடையில் யாரும் சொல்லவில்லை, பாலிசி எடுத்துக்கொடுத்த ஏஜென்ட் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் பாலிசியை வரி வரியாகப் படித்தேன். பிறகு தம்பி தன் காருக்கு சி.என்.ஜி. கிட் போட்டபோது, முதல் விசாரிப்பிலிருந்து கடைசிக் காகிதம் வரை கூடவே இருந்து முடித்துக்கொடுத்தேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன். கம்பெனியைப் பொறுத்தவரை உங்கள் கார் என்பது பாலிசி அட்டவணையில் எழுதியிருக்கிற கார்தான். அதில் ஏறாத எதுவும் அவர்கள் கணக்கில் உங்கள் காரில் இல்லை.

எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டாம்

மிதியடி, சீட் கவர், ஸ்டீயரிங் கவர், போன் ஸ்டாண்ட் போன்றவற்றுக்காக யாரும் மெனக்கெட வேண்டாம். கார் கம்பெனியிலிருந்தே வந்த ஏ.சி., பிளேயர், அலாய் வீல் எல்லாம் காரின் விலையிலேயே அடங்கிவிடும். நீங்கள் வாங்கிய வேரியன்ட்டின் விலைப்பட்டியலில் இல்லாமல், அப்புறம் தனியாகக் காசு கொடுத்து மாட்டியவைதான் நம் பேச்சு. ஷோரூமிலேயே மாட்டித் தந்திருந்தாலும் அது தனி பில்லில் வந்த 'அக்சஸரி' என்றால் அதுவும் வெளியில் போட்டதற்குச் சமம்தான். நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. "டீலர்தானே போட்டுக்கொடுத்தார்" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இப்படிப் போட்டவற்றை மூன்று கூறாகப் பிரித்துக்கொண்டால் வேலை சுலபம்.

முதல் கூறு, காரின் அடிப்படை விவரங்களைத் தொடாத பொருட்கள்: மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, டேஷ் கேமரா, அதே அளவிலான அலாய் வீல், லெதர் சீட், ரூஃப் கேரியர். இவற்றை ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்ல வேண்டியதில்லை, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் சொன்னால் போதும். கரண்டில் ஓடுவதை எலக்ட்ரிகல் அக்சஸரி என்றும் மற்றதை நான்-எலக்ட்ரிகல் அக்சஸரி என்றும் அவர்கள் பிரித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது கூறு, ஆர்.சி.யில் எழுதியிருப்பதை மாற்றுகிறவை: சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட், பெட்ரோல் காரை மின்சார வண்டியாக மாற்றுவது, இன்ஜின் மாற்றம், நிறம், மாற்றுத்திறனாளிகளுக்கான கைக் கட்டுப்பாடுகள். வண்டி முழுக்க வேறு நிறத்தில் ஸ்டிக்கர் ராப் ஒட்டுவதையும் நிற மாற்றமாகவே எண்ணிக்கொள்ளுங்கள். இவற்றுக்கு இரண்டு வாசலையும் தட்ட வேண்டும், ஆர்.டி.ஓ. ஒன்று, இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று. ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குத் தானாகப் போய்ச் சேராது. ஆர்.சி.யில் ஏறிவிட்டது, பாலிசியில் ஏறவில்லை என்ற நிலைமையில்தான் பல கிளெய்ம்கள் மாட்டிக்கொள்கின்றன.

மூன்றாவது கூறு, சட்டம் அனுமதிக்காதவை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சொன்னாலும் சரியாகாத மாற்றங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம்.

நம் ஊர் சாலைகளில் அதிகம் தென்படுவது முன்பக்கம் மாட்டும் இரும்புக் கம்பி, அதாவது புல் பார். இதை மாட்டுவது 52-ஆவது பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. காரின் முன்பகுதி மோதலில் நசுங்கி அதிர்வை உள்வாங்கும்படி வடிவமைக்கப்பட்டது, ஏர்பேக் சென்சாரும் அந்தக் கணக்கில்தான் வேலை செய்கிறது. கம்பியை நேராகச் சேசிஸில் முடுக்கினால் அதிர்வு உள்ளே இருப்பவர்கள் மேல் இறங்குகிறது, ஏர்பேக் விரியும் நேரமும் தவறிப்போகலாம். குறுக்கே வந்த மனிதர் மேல் அந்தக் கம்பி மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

சத்தம் கூட்டிய சைலன்சருக்கும் இதே கதிதான். ஒலி, புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் விஷயத்தில், முன் பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. இன்ஜினின் கம்ப்யூட்டர் நிரலை மாற்றி வேகம் கூட்டும் ரீமேப்பிங்கையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். கம்பெனி ஒப்புக்கொள்ளாது, புகை அளவும் மாறிவிடும்.

ஹெட்லைட்டில் அதிக வாட் பல்பு போடுவது பலருக்குச் சின்ன விஷயமாகத் தெரிகிறது. நிறையக் கார்களில் ஹாலஜன் பல்பு 55, 60 வாட்டுக்குத்தான் ஒயரும் ஹோல்டரும் கொடுத்திருப்பார்கள். அதில் 90, 100 வாட் பல்பைச் செருகினால் ஹோல்டர் உருகும், ஒயர் சூடாகும். கார் தீப்பிடித்து சர்வேயர் வந்தால் முதலில் தேடுவதே வெட்டி ஒட்டிய ஒயரைத்தான். மியூசிக் சிஸ்டம் போடும்போதும் இதே கவனம் வேண்டும். ஒயரை வெட்டாமல், உங்கள் மாடலுக்கு ஏற்ற கப்ளர் வைத்து மாட்டச் சொல்லுங்கள். ஃபியூஸ் வைத்தார்களா என்று கண்ணால் பாருங்கள்.

இந்தக் கூறில் இருப்பதைப் பாலிசியில் ஏற்ற முயல வேண்டாம். கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒன்றே வழி.

பாலிசி அட்டவணையைக் கையில் எடுங்கள்

பாலிசி பி.டி.எஃப்.பின் முதல் ஒன்றிரண்டு பக்கங்களில் ஐ.டி.வி. பட்டியல் இருக்கும். காருக்கு எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்கிற இடம் அது. அந்த வரிசையில் வாகனம், நான்-எலக்ட்ரிகல் அக்சஸரி, எலக்ட்ரிகல் அக்சஸரி, சி.என்.ஜி./எல்.பி.ஜி. கிட், மொத்தம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். என் பாலிசியில் வாகனத்துக்கு மட்டும் எண் இருந்தது, மற்ற எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களை மூன்று வருடமாகப் பார்த்திருக்கிறேன், என்னவென்று கேட்கத் தோன்றவில்லை.

அடுத்து, பாலிசி எந்த வகை என்று பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும், அதாவது உங்களால் மற்றவர்களுக்கு ஆகும் இழப்புக்கு மட்டும் என்றால் உங்கள் காருக்கோ அதில் மாட்டிய பொருளுக்கோ எந்த இழப்பீடும் கிடையாது, எனவே அக்சஸரியை ஏற்றுவதற்கே இடமில்லை. ஆனால் கேஸ் கிட் இருந்தால் தேர்ட் பார்ட்டி பாலிசியிலும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம். 2019 செப்டம்பரிலிருந்து, உங்கள் காரின் சொந்தச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசியைத் தனியாக வேறு கம்பெனியில் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்திருந்தால் உங்கள் காருக்கு ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனிகள். கேஸ் கிட் போட்டால் இருவருக்கும் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும். தம்பி விஷயத்தில் இதைத்தான் கடைசி நேரத்தில் கண்டுபிடித்தோம்.

மாட்டுவதற்கு முன்பே ஒரு மெயில்

மாட்டிவிட்டுச் சொல்வதைவிட, மாட்டுவதற்கு முன் கேட்பது நல்லது. "இந்த மாடல் காரில் இந்தக் கிட் போடப்போகிறேன். பாலிசியில் சேர்ப்பீர்களா? என்னென்ன ஆவணம் வேண்டும்? கூடுதல் பிரீமியம் எவ்வளவு?" என்று மூன்று கேள்வி போதும். கஸ்டமர் கேரில் போனில் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் "பிரச்சினை இல்லை சார்" என்பார். நாளைக்கு அந்தச் சொல்லுக்கு எந்தச் சாட்சியும் இருக்காது. எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்த பாலிசி என்றால் அவருக்கும் ஒரு நகல் போகட்டும், ஆனால் ஏஜென்டிடம் மட்டும் வாயால் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

மாட்டும்போது ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்குங்கள். "பில் இல்லாமல் 4,000 குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். பில் இல்லாத பொருளுக்கு மதிப்பு நிரூபிக்க முடியாது, அந்தக் கட்டம் பூஜ்யமாகவே நின்றுவிடும். பில்லில் கார் நம்பர், பொருளின் பெயர், மாடல், சீரியல் எண், மாட்டிய தேதி எல்லாம் இருக்கட்டும். மாட்டி முடித்ததும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சீரியல் எண் தெரிகிற மாதிரி ஒன்று, நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி ஒன்று.

ஆர்.சி.யில் ஏற்றுவது

முதல் கூறில் உள்ளவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். கேஸ் கிட்டை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன், அதுதான் அதிகம் பேர் செய்கிறார்கள்.

கிட் உங்கள் மாடலுக்கென்று ஏ.ஆர்.ஏ.ஐ. அல்லது ஐகேட் போன்ற அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து மெக்கானிக் வாங்கித் தருகிற கிட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தச் சான்று இல்லையென்றால் ஆர்.டி.ஓ.வில் நிற்காது. பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த கார்களிலும் போட 2022-இல் அனுமதி வந்தது, அதிலும் அந்தந்த மாடலுக்கான ஒப்புதல் அவசியம். சிலிண்டருக்குத் தனிச் சான்று உண்டு. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அதாவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, அந்தச் சிலிண்டரை அங்கீகரித்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை இப்போதே போனில் நினைவூட்டலாகப் போட்டுவையுங்கள்.

மாட்டிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 52-ஆவது பிரிவு சொல்கிறது. அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான விண்ணப்பத்தைப் போட்டு, கட்டணம் கட்டி, நாள் வாங்கி வண்டியை நேரில் காட்ட வேண்டும். கிட் சான்று, சிலிண்டர் சான்று, மாட்டிய மையத்தின் சான்று, பில், நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கோப்பில் இருக்கட்டும். காரின் மேல் கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாக் கடிதமும் வேண்டும், அதற்கே ஒரு வாரம் ஓடிவிடும் என்பதால் முதலில் அதைக் கேளுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து ஒப்புக்கொண்டதும் ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோலோடு சி.என்.ஜி.யும் சேர்ந்து வரும்.

நிறம், இன்ஜின் மாற்றுவதாக இருந்தால் வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ.வில் அனுமதி கேளுங்கள். இன்ஜின் எண் பாலிசியிலும் அச்சாகியிருக்கும், எனவே புது எண் அதிலும் மாற வேண்டும். எண் பொருந்தாத இன்ஜினோடு போய் நின்றால் சர்வேயர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்.

கம்பெனிக்கு எழுதும் கடிதம்

ஆர்.சி. மாறும் வரை காத்திருந்து அதற்கப்புறம் கம்பெனிக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டிய அன்றே எழுதி, ஆர்.சி. வந்ததும் நகலை அனுப்புவதாகச் சொல்லுங்கள். தம்பிக்கு நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படித்தான்:

பொருள்: பாலிசி எண் ……, வாகன எண் …… – சி.என்.ஜி. கிட் சேர்த்ததைப் பாலிசியில் பதியக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட பாலிசியில் உள்ள என் காரில் …… தேதியில் …… மையத்தில் சி.என்.ஜி. கிட் பொருத்தப்பட்டுள்ளது. கிட்டின் தயாரிப்பு, மாடல், சீரியல் எண்: ……. சிலிண்டர் எண்: ……. வரி உட்பட மதிப்பு: …… ரூபாய். பில், கிட் ஒப்புதல் சான்று, சிலிண்டர் சான்று, பொருத்தியதற்கான சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். ஆர்.சி.யில் பதிய விண்ணப்பித்த ரசீதும் இணைப்பில் உள்ளது. திருத்திய ஆர்.சி. கிடைத்ததும் அனுப்பிவைக்கிறேன்.

இந்தக் கிட்டை ஓன் டேமேஜ், தேர்ட் பார்ட்டி இரண்டு பகுதிகளிலும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கூடுதல் பிரீமியம் எவ்வளவு, வாகனத்தை எப்போது ஆய்வு செய்வீர்கள் என்பதையும், எந்தத் தேதியிலிருந்து பாதுகாப்பு தொடங்கும் என்பதையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு, ……

அலாய் வீலோ மியூசிக் சிஸ்டமோ என்றால் சான்றுகள் பற்றிய வரிகளை எடுத்துவிட்டு, பொருள் ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பு எழுதுங்கள். "எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ் மொத்தம் 90,000" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். ஒன்று மட்டும் சேதமானால் அதன் மதிப்பு எவ்வளவு என்ற தகராறு அங்கேதான் தொடங்கும். கடிதத்தைக் கம்பெனியின் அதிகாரபூர்வ மெயிலுக்கு அனுப்பி, கோரிக்கை எண் வாங்கிவிடுங்கள். பக்கத்தில் கிளை இருந்தால் நேரில் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்குவது இன்னும் நல்லது.

பணம் கட்டும் வரை பாதுகாப்பு இல்லை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும். இன்சூரன்ஸ் சட்டம் 1938-இன் 64விபி பிரிவின்படி, பிரீமியம் கைக்கு வருவதற்கு முன் கம்பெனி எந்தப் பொறுப்பையும் ஏற்காது. மெயில் அனுப்பியாயிற்று, அவர்களும் "பெற்றுக்கொண்டோம்" என்று பதில் போட்டார்கள், பத்து நாள் கழித்து வண்டி அடிபட்டது என்றால் அந்தப் பதிலை வைத்துக் கிட்டுக்குப் பணம் கேட்க முடியாது. எனவே கூடுதல் பிரீமியத்துக்கான லிங்க்கை விரட்டி வாங்குங்கள், வந்த அன்றே கட்டிவிடுங்கள்.

தொகை பயப்படும் அளவுக்கு இல்லை. வாகன இன்சூரன்ஸின் விகிதங்களைச் சொல்லும் இந்திய மோட்டார் டாரிஃப் 2002-இல் வெளியில் போட்ட எலக்ட்ரிகல் பொருளுக்கும் கேஸ் கிட்டுக்கும் மதிப்பில் 4 சதவீதம் என்று விகிதம் வைத்தார்கள். கேஸ் கிட் என்றால் தேர்ட் பார்ட்டி பகுதிக்கு இன்னும் 60 ரூபாய். ஓன் டேமேஜ் விலைக் கட்டுப்பாடு 2007-இல் நீங்கிவிட்டதால் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க இந்த எண்களே அடிப்படை. 60,000 ரூபாய் கிட் என்றால் 2,400, அதோடு 60, ஆக 2,460 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 2,903 ரூபாய். பாலிசியில் பாதி வருடம்தான் மீதி என்றால் ஓன் டேமேஜ் பங்கும் அந்த அளவுக்குக் குறையும். நான்-எலக்ட்ரிகல் பொருட்களின் மதிப்பைக் காரின் மதிப்போடு கூட்டி, காரின் விகிதத்திலேயே கணக்கிடுவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னாலோ பின்னாலோ வண்டியைப் பார்க்க ஆள் அனுப்பலாம், அல்லது போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். அதற்கு வண்டியைக் கழுவி வெயிலில் நிறுத்திவையுங்கள்.

எண்டார்ஸ்மென்ட் வந்ததும்

எண்டார்ஸ்மென்ட் என்பது பாலிசியில் செய்த மாற்றத்துக்குக் கம்பெனி தரும் காகிதம். அதில் நான்கு இடங்களைப் பாருங்கள்: வாகன எண், பொருளின் பெயர், மதிப்பு, தொடங்கும் தேதி. டாரிஃபின் விதி வரிசைப்படி கேஸ் கிட்டுக்கு ஐ.எம்.டி. 25 என்றும் எலக்ட்ரிகல் பொருட்களுக்கு ஐ.எம்.டி. 24 என்றும் எண் குறிப்பிட்டிருப்பார்கள். தம்பிக்கு வந்த முதல் காகிதத்தில் கிட்டின் மதிப்பு 6,000 என்று ஒரு பூஜ்யம் குறைந்து அச்சாகியிருந்தது. அன்றே மெயில் போட்டுத் திருத்தினோம். கிளெய்ம் நேரத்தில் அதைக் கண்டுபிடித்திருந்தால் 6,000-க்குத்தான் பேச்சு ஓடியிருக்கும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு குறிப்பு

ஆக்சிலரேட்டர், பிரேக்கைக் கையால் இயக்கும்படி கார் மாற்றியவர்கள், பிரீமியம் ஏறிவிடுமோ என்று பயந்து கம்பெனியிடம் சொல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உண்மை நேர்மாறானது. பார்வையற்றோர், உடல் ஊனமுற்றோர், மனவளர்ச்சி குன்றியோரின் பயன்பாட்டுக்கென்று வடிவமைத்த அல்லது மாற்றிய வாகனங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி என்று டாரிஃபிலேயே ஐ.எம்.டி. 12 இருக்கிறது. ஆர்.சி.யில் அந்த மாற்றம் பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. புதுப்பிக்கும்போது தள்ளுபடி வரவில்லையென்றால் ஐ.எம்.டி. 12 என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள்.

ஏ.ஆர்.ஏ.ஐ. ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தியதற்கும் ஓன் டேமேஜில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை தள்ளுபடி என்று அதே டாரிஃபில் உண்டு.

புதுப்பிக்கும்போது காணாமல் போவது

பாடுபட்டு ஏற்றிய எல்லாம் அடுத்த வருடம் ஒரே கிளிக்கில் மறைந்துவிடும். ஆன்லைனில் வேறு கம்பெனிக்கு மாறும்போது "வெளியில் பொருத்திய சி.என்.ஜி. கிட் உண்டா?" என்ற கேள்விக்கு முன்பே "இல்லை" என்று குறித்திருக்கலாம். அக்சஸரி மதிப்புக் கட்டங்கள் காலியாக இருக்கலாம், அல்லது "மேலும்" என்ற பட்டனுக்குள் ஒளிந்திருக்கலாம். அவசரத்தில் பணம் கட்டிவிட்டால், நீங்களே கிட் இல்லை என்று அறிவித்ததாக ஆகிவிடும். பழைய பாலிசியின் ஐ.டி.வி. பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாக ஒப்பிட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

பொருட்களின் மதிப்பும் காரைப் போலவே வருடா வருடம் தேய்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு வருடப் பொருளுக்கு 20 சதவீதம், இரண்டிலிருந்து மூன்று வருடத்துக்கு 30 சதவீதம் என்று போகும். ஒரு வருடம் தாண்டிய 60,000 கிட்டை 48,000 என்று போட்டால் சரி.

பழைய கார் வாங்குகிறவர்கள் டிக்கியைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் இருந்து ஆர்.சி.யில் சி.என்.ஜி. இல்லையென்றால், அல்லது ஆர்.சி.யில் இருந்து பாலிசியில் இல்லையென்றால், அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டுத் தரச் சொல்லுங்கள். உரிமை மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸைப் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், அதே விண்ணப்பத்தில் மாட்டியிருக்கும் பொருட்களையும் எழுதிவிடுங்கள்.

இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டால்

பயந்து ஒதுங்க வேண்டாம். இன்றைக்கே சொல்லலாம். "இதுவரை தெரிவிக்கத் தவறிவிட்டேன், இப்போது சேர்க்கக் கேட்கிறேன்" என்று நேராக எழுதுங்கள். வண்டியைப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து பாதுகாப்புத் தருவார்கள். பில் தொலைந்துபோயிருந்தால் கடையில் நகல் கேளுங்கள். கேஸ் கிட் ஆர்.சி.யிலேயே ஏறவில்லையென்றால் ஆர்.டி.ஓ. வேலையை முதலில் முடியுங்கள். அது முடியும் வரை வண்டியைப் பெட்ரோலில் ஓட்டுங்கள்.

விபத்து நடந்த பிறகு கிட்டைக் கழற்றி ஒளிப்பது, பழைய தேதியில் பில் போடுவது இதையெல்லாம் யார் யோசனை சொன்னாலும் செய்யாதீர்கள். சொல்லாமல் விட்டது மறதி, இது மோசடி. சின்னத் தொகைக்காகக் கிளெய்ம் முழுவதும் போய்விடும்.

கிளெய்மைக் குறைத்தாலோ மறுத்தாலோ

உங்களால் அடிபட்ட மூன்றாம் நபரின் நிலையை முதலில் சொல்கிறேன். அவருக்கான இழப்பீட்டிலிருந்து கம்பெனி தப்புவதற்குச் சட்டம் சில காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது. ஆனால் முக்கியமான உண்மையை மறைத்து வாங்கிய பாலிசி என்பது அந்தக் காரணங்களில் ஒன்று. கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதும் உண்டு. விபத்து வழக்குகளில் தொகை பல லட்சம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் சொந்தச் சேதத்துக்கான கிளெய்மில், சொல்லாத மாற்றத்துக்கும் சேதத்துக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் முதல் கேள்வி. பின்னால் வந்த லாரி இடித்து பம்பர் நொறுங்கியதற்கும் டேஷ்போர்டு பிளேயருக்கும் சம்பந்தமில்லை. பிளேயருக்குப் பணம் இல்லை என்பது நியாயம், பம்பருக்கும் இல்லை என்றால் எதிர்த்து எழுதுங்கள். பாலிசி நிபந்தனையை மீறி வாடகைக்கு விட்ட ஒரு காரின் வழக்கில், கிளெய்மை முழுதாக மறுத்தது தவறு, நான்-ஸ்டாண்டர்டு முறையில் குறைத்தாவது கொடுக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனியோடு பேசும்போது "நான்-ஸ்டாண்டர்டு அடிப்படையில் பரிசீலியுங்கள்" என்று அந்தச் சொல்லையே எழுதிக் கேட்கலாம்.

மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின் கீழ் என்ற விவரத்தோடு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கே சரியான பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். அதற்கும் மேலே, புகார்களை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்வார், கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் பதில் வராவிட்டாலும் போகலாம், மறுத்துவிட்டால் அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். புகாரோடு வைக்க வேண்டியவை: பாலிசி அட்டவணை, எண்டார்ஸ்மென்ட், பில், நீங்கள் கம்பெனிக்கு அனுப்பிய மெயில்கள் தேதி வரிசையில், சர்வேயர் அறிக்கையின் நகல், மறுப்புக் கடிதம். சர்வேயர் அறிக்கையைத் தானாகத் தரமாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.